நிழலுக்கு ஓர் ஆட்சேபம்

"எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்ல" என்று ஒருவர் பேச்சைத் தொடங்கினால், பக்கத்தில் கிடக்கும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுங்கள். நேரமாகும். ஆட்சேபம் இல்லாதவர் எதற்காகத் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து நிற்கிறார் என்றெல்லாம் கேட்கக் கூடாது. அடுத்து ஓர் "ஆனா" வரும். அதன் கையைப் பிடித்துக்கொண்டு கார் நிறுத்தும் இடம் வரும், சாக்கடை வரும், தண்ணீர்க் குழாயின் அழுத்தம் வரும், குழந்தைகளின் பத்திரம் வரும், கடைசியில், கேட்பவர்கள் எல்லாரும் களைத்துப்போன நேரத்தில், "நம்ம தெருவோட தன்மை" என்று ஒன்று வரும். அது என்ன தன்மை? யாரும் சொன்னதில்லை. ஆனால் அது கெட்டுவிடும் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

இந்த இனத்துக்குத் தெருக்காவலர் என்று பெயர் வைக்கலாம். போலீஸோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். போலீஸுக்கு விடுமுறை உண்டு. சுற்றுச்சுவரும் இரும்புக் கேட்டும் வைத்த வீடுகள் உள்ள எந்தப் புறநகர்த் தெருவிலும் இவர் ஒருவராவது இருப்பார். மாலையில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார். அது உடம்புக்காக என்று அவருடைய டாக்டர் நினைத்துக்கொண்டிருக்கிறார், உண்மையில் ரோந்து. எங்கேயாவது மணல் கொட்டிக் கிடந்தால் நின்று, குவியலை ஒரு சுற்று சுற்றி வந்து, "எத்தனை மாடி?" என்று மணலையே விசாரிப்பார். லாரி திரும்பும் சத்தத்தை வைத்தே அதில் இருப்பது செங்கல்லா ஜல்லியா என்று சொல்லக்கூடியவர். அவர் இந்தத் தெருவில் வீடு கட்டியபோதும் ஒரு லாரி வந்தது. அப்போதிருந்த தெருக்காவலர் அதைச் சுற்றி வந்து, "இனிமே இந்த ஏரியா தாங்காது" என்றார். அதையெல்லாம் இப்போது ஞாபகப்படுத்துவது நாகரிகம் இல்லை.

நாம் பார்க்கப்போகிறவரைத் தெருவில் "தலைவர்" என்பார்கள். குடியிருப்போர் சங்கத்துக்கு ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அன்றைய கூட்டத்துக்கு வந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் மனம் ஏகமாக இருப்பதில் சிரமம் இருக்கவில்லை. மெத்தைக் கம்பெனியில் தரம் பார்க்கும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். புது மெத்தையை முழங்கையால் அங்கங்கே அழுத்தி, எங்கே பள்ளம் விழுகிறது என்று கண்டுபிடிப்பது வேலை. ஓய்வு பெற்றதும் மெத்தைகள் போய்விட்டன, முழங்கை மிச்சம். அதைத் தெருவில் வைத்து அழுத்திப் பார்த்தார். எங்கே அழுத்தினாலும் பள்ளம் விழுந்தது.

அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. வெளியூரில் இருக்கும் மகன் வாரம் ஒருமுறை போனில் பேசுவான், அவன் "அப்புறம்?" என்றால் பேச்சு முடிந்துவிட்டது என்று அர்த்தம். மனைவி அவர் சொல்லப்போவதை அவர் வாயைத் திறக்கும் முன்பே கேட்டு முடித்திருப்பார். அவர் சொல்வதை முழுசாகக் கேட்க மிச்சம் இருந்தது தெரு மட்டும்தான்.

தலைவர் வீட்டுக்கு நேர் எதிரே ஒரு காலி மனை. அங்கிருந்த பழைய வீட்டை இடித்துவிட்டிருந்தார்கள். ஒரு காலையில் அந்த மனையில் ஒரு பலகை முளைத்தது. பகிர்வு வீடு ஒன்று கட்டப்போவதாக அது சொன்னது: மூன்று மாடி, தனியாக வாழ்பவர்களுக்கு ஆளுக்கு ஓர் அறை, சமையலறையும் கூடமும் துணி துவைக்கும் இடமும் எல்லாருக்கும் பொது. கீழே சின்ன எழுத்தில், ஆட்சேபம் உள்ளவர்கள் நகராட்சியில் தெரிவிக்கலாம் என்று இருந்தது. கல்யாணப் பத்திரிகையில் தன் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தவரைப் போலத் தலைவர் அந்தக் கடைசி வரியில் கண்ணை நிறுத்தினார்.

அன்று மாலையே அவர் வீட்டுப் பின்னறையில் கூட்டம். ஏன் பின்னறை என்றால், முன்னறை மேற்கே பார்த்தது. மதியம் சாய்ந்ததும் வெயில் நேராக உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்துகொள்ளும். இருட்டிய பிறகும் சோபா சுடும். அதனால் சாப்பாடு முடிந்ததும் திரையை இழுத்துவிட்டு, கதவைச் சாத்தி, அந்த அறையைச் சூரியனிடம் ஒப்படைத்துவிட்டு வருவது அந்த வீட்டின் வழக்கம்.

"எனக்கு ஆட்சேபம் இல்ல," என்றார் மூன்றாம் வீட்டுப் பல் டாக்டர். "யார் வேணா எங்க வேணா இருந்துட்டுப் போகட்டும். ஆனா வண்டியெல்லாம் எங்க நிறுத்துவாங்க?" அப்போது தெருவை அடைத்துக்கொண்டு நின்ற கார்களில் ஒன்றைத் தவிர மற்றவையெல்லாம் அவருடையவை.

அடுத்த வீட்டு அம்மாள் ஏதோ சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை. கேட்டில் கட்டியிருந்த அவருடைய நாய் குரைத்துக்கொண்டிருந்தது. தெருவில் அவரை நாய்க்காரம்மா என்பார்கள். நாய் மூச்சு வாங்கிய இடைவெளியில் மறுபடி சொன்னார்: "சத்தம் அதிகமாயிடும்."

"அதெல்லாம்கூடப் பொறுத்துக்கலாம்," என்றார் தலைவர். "ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத ஆளுங்க ஒரே அடுப்புல சமைக்கிறதாம். இவன் வாங்கி வெச்ச பாலை அவன் எடுத்துக் குடிப்பான். சண்டை வரும். இன்னைக்குச் சமையல்கட்டுல ஆரம்பிக்கிற சண்டை நாளைக்குத் தெருவுக்கு வரும்."

இதைச் சொல்லிவிட்டு அவர் ஒரு வாய் காபி குடித்தார். அந்தக் காபிக்கான பால் நாய்க்காரம்மா வீட்டிலிருந்து வந்தது. தலைவர் வீட்டில் அன்று பால் தீர்ந்துபோயிருந்தது.

இதுவரை கதை வழக்கமான கதை. இதைக் கொஞ்சம் கோணலாக்கியவர் தலைவர் மனைவியின் அக்கா. தலைவருக்கு அண்ணி முறை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை, நகரத்தின் மறுகோடியில் நான்காவது மாடியில் தனியாக இருந்தார். அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் நின்று வெகுநாள் ஆகிவிட்டது. அதைப் பற்றிக் குடியிருப்பவர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். அக்காவின் முழங்காலால் அந்த விவாதம் முடியும்வரை காத்திருக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்கு வந்தவர், டாக்ஸியிலிருந்து இறங்கியதும் கைத்தடியை ஊன்றிக்கொண்டு எதிர் மனைப் பலகையை முழுசாகப் படித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

மறுவாரம் வந்தபோது சொன்னார்: "மாப்பிள்ளை, எதிர்ல தரைத்தளத்துல எனக்கு ஒரு ரூம் சொல்லி வெச்சுட்டேன். அனுமதி கிடைச்சதும் எனக்குத்தான்."

"எந்த எதிர்ல, அண்ணி?"

"உங்க வீட்டுக்கு எத்தனை எதிர் இருக்கு?"

தலைவர் மனைவியைப் பார்த்தார். மனைவி உருளைக்கிழங்கின் தோலை மிகுந்த கவனத்தோடு சீவிக்கொண்டிருந்தார்.

"முன்னபின்ன தெரியாதவங்களோட எப்படி இருப்பீங்க? நம்ம வீடு எதுக்கு இருக்கு? இங்க வந்து இருங்க," என்றார் தலைவர்.

அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கண் ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம் அக்கா இங்கே தங்கியிருந்தார். குளித்துவிட்டு வந்தால் ஈரத் துண்டை எந்தக் கொடியில், எந்தப் பக்கம் மடித்து, எவ்வளவு இடைவெளி விட்டுப் போட வேண்டும் என்று தலைவர் மிகவும் மரியாதையாக விளக்கியிருந்தார். தினமும்.

"வேணாம் மாப்பிள்ளை. முன்னபின்ன தெரிஞ்சவங்களோட இருந்து பாத்தாச்சு."

பிறகு, கேலியை ஓரமாக வைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "அந்தப் படியில இன்னொரு மழைக்காலம் என்னால முடியாது. போன மாசம் ரெண்டாவது மாடித் திருப்பத்துல கால் மடங்கி உக்காந்துட்டேன். யாராவது வருவாங்கன்னு பாத்துட்டே இருந்தேன். ஒருத்தர் வந்தாரு. ‘கொஞ்சம் வழி விடுங்கம்மா’ன்னு தாண்டிப் போயிட்டாரு."

இந்த இடத்தில் நீங்களோ நானோ என்ன செய்திருப்போம்? ஆட்சேபத்தைச் சுருட்டி வைத்திருப்போம். அதனால்தான் நம்மால் எந்தச் சங்கத்துக்கும் தலைவராக முடிவதில்லை. தலைவர் இரவெல்லாம் யோசித்து ஒரு நடுவழி கண்டுபிடித்தார். மறுநாள் நகராட்சிக்குப் போனார். இந்த விண்ணப்பத்தைக் கவனித்துவந்த இளம் பெண் அதிகாரியின் முன் உட்கார்ந்தார். கட்டடம் வரவே கூடாது என்றார். ஒருவேளை வந்தால் தரைத்தளத்தில், தெருவைப் பார்த்த ஜன்னல் உள்ள அறை எங்கள் அண்ணிக்கு என்றார்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "சார், கட்டடம் வேணாம்கறீங்க."

"ஆமா."

"அதுல ரூம் வேணும்கறீங்க."

"அது வேறம்மா."

"நேர்ல வந்து பாக்கறேன்," என்றார் அதிகாரி. வேறு என்ன சொல்ல முடியும்?

நேரில் வருகிறவருக்கு எதைக் காட்டுவது? காலி மனை சாதுவாகத்தான் இருக்கும். அங்கேதான் தலைவருக்கு அந்த யோசனை உதித்தது. வரப்போகும் ஆபத்தை அதே அளவில் முன்கூட்டியே கட்டி நிறுத்திவிட்டால்? சாரம் கட்டும் மேஸ்திரியைப் பிடித்தார். மனையின் முன்னால் நடைபாதை நெடுக இரும்புக் குழாய் நட்டு, கருநீலத் தார்ப்பாயைச் சுவர்போல் தொங்கவிட வேண்டும். வெளிச்சம் எப்படிப் பறிபோகிறது என்று அதிகாரி தன் கண்ணால் பார்க்கட்டும். தெருவே கைக்காசு போட்டது.

"எவ்வளவு உயரம் சார்?" என்று கேட்டார் மேஸ்திரி.

"மூணு மாடி உயரம்." தலைவர் ஒரு நிமிஷம் யோசித்தார். "இன்னொரு மாடி சேத்தே கட்டுங்க. அவங்க எப்படியும் ஏமாத்திக் கூட ஒரு மாடி போடுவாங்க. அதையும் சேத்துக் காட்டிடுவோம்."

அதிகாரி காலையில் வருவதாகச் சொல்லியிருந்தார். தலைவர் விடவில்லை. போன் செய்தார். "காலைல வந்தா உங்களுக்கு ஒண்ணும் புரியாதும்மா. மத்தியானம் தாண்டி நாலு மணிக்கு வாங்க. அப்பதான் அக்கிரமம் முழுசா விழும்."

தார்ப்பாய் ஏறியது. முதல் நாள் மதியம் தலைவர் வாசலில் நாற்காலி போட்டு, அந்த நிழலை வெறுப்பதற்கு முழுத் தயாரிப்போடு காத்திருந்தார். அது மெல்ல நடைபாதையை விட்டு இறங்கியது, ரோட்டைக் கடந்தது, கேட்டுக்குள் நுழைந்தது, அவர் கால் விரலைத் தொட்டது, முழங்கால் ஏறியது. வியர்வையில் ஊறியிருந்த அவர் சட்டை காய்ந்தது. உள்ளே ஏதோ சர்ரென்று இழுபடும் சத்தம் கேட்டது. மனைவி முன்னறைத் திரையைத் திறந்துகொண்டிருந்தார்.

"என்னங்க, சோபா சுடல."

"அதத்தான் நானும் சொல்றேன். பாதிப்பு வீட்டுக்குள்ளயே வந்தாச்சு."

பாதிப்பை அளப்பதற்காகப் பல் டாக்டர் மறுநாள் ஒரு சாய்வு நாற்காலியோடு வந்தார். ரோட்டோரம் போட்டு உட்கார்ந்து, அளந்துகொண்டிருக்கும்போதே தூங்கிப்போனார். நாய்க்காரம்மாவின் நாய் நிழலின் நட்டநடுவில் நான்கு காலையும் நீட்டிப் படுத்தது. அது குரைத்துவந்தது மனிதர்களைப் பார்த்து அல்ல, வெயிலைப் பார்த்து என்பது தெருவுக்கு அன்றுதான் தெரிந்தது. தபால்காரர் சைக்கிளை நிறுத்தினார். முதல் வீட்டுக்காரருக்கும் கடைசி வீட்டுக்காரருக்கும் ஒரு மரக்கிளை விஷயமாகப் பல வருஷமாய்ப் பேச்சு கிடையாது; இருவரும் நிழல் எவ்வளவு கெடுதலானது என்பதில் ஒத்துப்போனார்கள். நிழலைக் கண்காணிக்க முறைபோட்டு ஆள் வேண்டும் என்று தலைவர் சொன்னார். முறை இல்லாதவர்களும் வந்தார்கள்.

தலைவர் வீட்டு ஜன்னல் வழியாக ஒயர் இழுத்து மின்கெட்டில் வைத்தார்கள். ஒரு மேஜை வந்தது. ஒருவர் சர்க்கரை கொண்டுவந்தார், ஒருவர் பிஸ்கட் டப்பாவை வைத்துவிட்டுப் போய் எடுக்க மறந்தார், யாருடைய கப்பில் யார் குடித்தார்கள் என்ற விவரம் இரண்டாம் நாளே குழம்பிப்போயிற்று. தலைவர் நடுவில் நின்று பகிர்ந்து வாழ்வதன் கேடுகளை விளக்குவார். எல்லாரும் கேட்டார்கள். யாரும் "அப்புறம்?" என்று கேட்கவில்லை. வாழ்நாளில் அவருக்கு இப்படிச் சபை கூடியதில்லை.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள் அக்கா வந்து சேர்ந்தார். வரும்போது கையோடு ஒரு கொடிக்கயிறு கொண்டுவந்தார். அதைத் தானே தனியாகக் கட்டி, துண்டைத் தன் இஷ்டத்துக்கு எறிந்துவிட்டு, தெருவுக்கு வந்து இருப்பதிலேயே பெரிய நாற்காலியில் உட்கார்ந்தார். ஏற வேண்டியதும் இல்லை, இறங்க வேண்டியதும் இல்லை. தலைவரின் பிரசங்கத்தை அவரும் கேட்டார். "நல்லாப் பேசறீங்க மாப்பிள்ளை," என்றார். "இன்னொரு கப் டீ குடுங்க."

சொன்னபடி நாலு மணிக்கு அதிகாரி ஸ்கூட்டரில் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றியபோது முகமெல்லாம் வியர்வை. வெயிலிலிருந்து நிழலுக்குள் ஓர் அடி வைத்தவர், அப்படியே கண்ணை மூடிக்கொண்டு ஒரு கணம் நின்றார். யாரோ நாற்காலி போட்டார்கள், யாரோ தண்ணீர் கொடுத்தார்கள்.

"எங்களுக்கு ஒரு ஆட்சேபமும் இல்ல," என்று ஆரம்பித்தார் தலைவர். "ஆனா இந்த நிழலைப் பாருங்க."

"பாத்துட்டேன் சார்," என்றார் அதிகாரி. குரலில் நன்றி இருந்தது.

"இதனால எங்க தெருவோட தன்மையே மாறிப்போச்சு."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதிகாரி சுற்றிப் பார்த்தார். "தினமும் எல்லாரும் இப்படித்தான் சேந்து உக்காருவீங்களா?"

"சேச்சே, முன்னெல்லாம் கிடையாது," என்றார் பல் டாக்டர். "இது வந்த பிறகுதான்." சொல்லிவிட்டுத் தலைவரின் முகத்தைப் பார்த்தவர், உடனே தன் கப்புக்குள் பார்க்கத் தொடங்கினார்.

"சத்தம் வரும்னு சொல்லியிருந்தீங்க."

எல்லாரும் நாயைப் பார்த்தார்கள். அது ஒத்துழைக்கவில்லை. வாலைக்கூட ஆட்டாமல் தூங்கியது.

அதிகாரியின் கையில் டீ வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, "பொதுச் சமையல்கட்டுன்னா ஒருத்தர் பாலை இன்னொருத்தர் குடிச்சுடுவாங்கன்னும் சொன்னீங்க," என்றார். "இது யார் வீட்டுப் பால்?"

யாருக்கும் தெரியவில்லை.

அதிகாரி பெரிய நாற்காலிப் பக்கம் திரும்பினார். "நீங்க எந்த வீடும்மா?"

"இன்னும் எந்த வீடும் இல்ல," என்றார் அக்கா. கைத்தடியைத் தூக்கித் தார்ப்பாயைக் காட்டினார். "நீங்க சரின்னு சொன்னா இந்த வீடு. இல்லைன்னா பழையபடி நாலாவது மாடி. ஏறிப் போனா மறுபடி இறங்க மாட்டேன்."

"எங்க அண்ணிதான்," என்றார் தலைவர், வேறு வழியில்லாமல்.

"அப்ப ஆட்சேபம்?"

"அது கட்டடத்துமேல. அண்ணிமேல இல்ல."

அதிகாரி சிரிக்காமல் இருந்தது அவருடைய பயிற்சி. அப்போதுதான், இத்தனை நாளும் இந்த விவகாரத்தில் உருளைக்கிழங்கைத் தவிர எதிலும் தலையிடாத தலைவரின் மனைவி வாயைத் திறந்தார்.

"என்னங்க, இந்தத் தார்ப்பாயை என்னைக்கு அவுப்பாங்க?"

"இன்னைக்குத்தான். அம்மா பாத்தாச்சு இல்ல? மேஸ்திரி சாயங்காலம் வர்றாரு."

"அப்ப நாளைலேருந்து திரையை இழுத்துவிட்டுப் பின்னாடி போய் உக்காரணுமா?"

கூட்டம் அண்ணாந்து பார்த்தது. தார்ப்பாய் காற்றில் லேசாக உப்பி அடங்கியது. நாய்க்காரம்மா நாயைப் பார்த்தார். முதல் வீட்டுக்காரர் கடைசி வீட்டுக்காரரைப் பார்த்தார். தலைவரும் அண்ணாந்தார். நாளைக்கு நாலு மணிக்கு இந்த ரோடு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்: கொதிக்கும் தார், சாத்திய கேட்டுகள், குரைக்கும் நாய். யாரிடம் பேசுவது? பெரிய நாற்காலி காலியாக இருக்கும். மாடித் திருப்பத்தில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவரைத் தாண்டி யாரோ போவார்கள்.

தெருக்காவலர் இனத்தின் அகராதியில் தோல்வி என்ற சொல் கிடையாது. தலைவர் தொண்டையைச் செருமினார்.

"நிபந்தனையோட சம்மதிக்கலாம்," என்றார். "இந்த நிழல் ஒரு அடிகூடக் குறையக் கூடாது."

கட்டடம் எழுந்தது. அக்கா தரைத்தளத்துக்கு வந்தார். ஜன்னல் தெருவைப் பார்த்தது, துண்டு எந்தப் பக்கமும் பார்க்கலாம். ஆனால் கட்டியவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. சொன்னபடி மூன்றே மாடி. நிழல் தலைவர் வீட்டுக் கேட்டோடு நின்றுவிட்டது, சோபாவைத் தொடவில்லை. தலைவர் நகராட்சிக்குப் போனார். அதே அதிகாரி.

"எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்ல," என்றார் தலைவர். "ஆனா கட்டடம் குட்டையா இருக்கு."

இங்கே முடித்திருந்தால் கதை சுபம். ஆனால் சில மாதம் கழித்து, பகிர்வு வீட்டுக்குப் பக்கத்து மனையில் இன்னொரு பலகை முளைத்தது. இன்னொரு பகிர்வு வீடு. அதுவும் தனியாக வாழ்பவர்களுக்குத்தான். தலைவர் அதைப் படித்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, உற்சாகமாகத் திரும்பினார். எதிரே அக்கா கைத்தடியை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். பின்னால் பகிர்வு வீட்டின் பொதுக் கூடத்தில் விளக்கு எரிந்தது, நாற்காலிகள் வட்டமாகப் போட்டிருந்தன, எல்லாக் குடித்தனக்காரர்களும் கூடியிருந்தார்கள்.

"எங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்ல, மாப்பிள்ளை," என்றார் அக்கா. "பாவம், அவங்களும் எங்கயாவது இருக்கணும். ஆனா இந்தத் தெரு இதுக்கு மேல தாங்காது. அந்தச் சாரம் கட்டறவரு நம்பர் உங்ககிட்ட இருக்கா?"

படித்துக்கொண்டு வந்த நீங்கள் இடையில் எங்கேயோ, "அட, எங்க தெருவுல ஒருத்தர் அச்சு அசலா இப்படித்தான்" என்று சிரித்திருப்பீர்கள். அவரும் இதைப் படித்துவிட்டு அதே இடத்தில்தான் சிரித்தார், உங்கள் வீட்டு ஜன்னலைப் பார்த்தபடி. சந்தேகம் இருந்தால் ஒரு சின்னச் சோதனை. இதைப் பற்றி யாராவது கேட்டால் என்ன சொல்லப்போகிறீர்கள்? "நல்லாத்தான் எழுதியிருக்கு, எனக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்ல" என்பது வரைக்கும் சரி.

அதற்கு மேல் ஒரு வார்த்தை நாக்கு நுனியில் நிற்கிறதா? அப்படியானால் ஆரம்பத்தில் இழுத்துப் போட்ட அந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்க வேண்டாம். அது உங்களுக்காகப் போட்டதுதான்.